உதடு முன்னே, குரல் பின்னே: வயர்லெஸ் ஸ்பீக்கரில் பிந்தி வரும் ஒலியைச் சரிசெய்யும் முறை

புது சவுண்ட்பாரை ப்ளூடூத்தில் டிவியோடு இணைத்துப் பாட்டு போட்டால் அருமையாக இருக்கும். செய்தி போடும்போதுதான் தெரியும், வாசிப்பவர் வாயை மூடிய பிறகும் குரல் வந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டில் இந்தத் தொல்லை பல வாரம் ஓடியது. கடையில் கேட்டால் டிவியில் குறை என்றார்கள், டிவியைப் பார்க்க வந்த டெக்னீஷியன் ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டது என்றார், கடைசியில் பார்த்தால் இரண்டிலுமே எந்தக் கோளாறும் இல்லை. பொருள் எதுவும் கெடாமலேயே இது வரும், அதனால்தான் மாற்றித் தந்த புதுப் பெட்டியிலும் அதே பிரச்சினை தொடர்கிறது. நீங்களும் கடைக்கும் சர்வீஸ் சென்டருக்கும் நடுவே அலையாமல் இருக்க, நான் தேடித் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் பெரும்பாலும் போதும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிவியிலும் சவுண்ட்பாரிலும் ‘ஆடியோ டிலே’, ‘ஏவி சிங்க்’ என்ற பெயர்களில் ஓர் அமைப்பு இருக்கும். பெரும்பாலான கருவிகளில் அது ஒலியை இன்னும் தாமதப்படுத்த மட்டுமே செய்யும். ஏற்கெனவே பிந்தி வரும் ஒலியை அதனால் முன்னே இழுக்க முடியாது. இது தெரியாமல் அந்த எண்ணை ஏற்றிக்கொண்டே போனால் நிலைமை மோசமாகும், நேரமும் வீணாகும்.

1. உண்மையிலேயே டிலேதானா என்று பாருங்கள்

இதைப் படம் போட்டுச் சோதிக்காதீர்கள். நம் படங்களில் பெரும்பாலானவற்றின் வசனம் படப்பிடிப்புக்குப் பிறகு டப்பிங் தியேட்டரில் பேசிச் சேர்த்தது, நேரடித் தமிழ்ப் படமாக இருந்தாலும் சரி. உதடு அங்கங்கே கொஞ்சம் விலகத்தான் செய்யும். வேறு மொழியிலிருந்து டப் செய்த தொடராக இருந்தால் கேட்கவே வேண்டாம். யூடியூப்பில் ‘ஏவி சிங்க் டெஸ்ட்’ என்று தேடினால் ஒரு வெளிச்சம் மின்னும் அதே நொடியில் ‘பீப்’ கேட்கும் வீடியோக்கள் வரும். அதில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

முதலில் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேளுங்கள், அப்புறம் சவுண்ட்பாரில். டிவி ஸ்பீக்கரில் சரியாக இருந்து சவுண்ட்பாரில் மட்டும் விலகினால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இரண்டிலும் விலகினால் குறை செட்டாப் பாக்ஸிலோ செயலியிலோ இருக்கிறது. ஒரே ஒரு சேனலில் மட்டும் விலகினால் ஒளிபரப்பே அப்படித்தான் வருகிறது, நீங்கள் செய்ய எதுவும் இல்லை. படம் தொடங்கும்போது சரியாக இருந்து போகப் போக விலகுகிறதா? அது பெரும்பாலும் செயலியின் குறை. நிறுத்தி மறுபடி ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் செயலியை முழுதாக மூடித் திறந்து அப்டேட் செய்யுங்கள்.

2. முந்துகிறதா, பிந்துகிறதா?

எல்லோரும் தாண்டிப் போய்விடும் படி இது. வெளிச்சம் மின்னிய பிறகு பீப் கேட்டால் ஒலி பிந்துகிறது, பீப் முதலில் கேட்டால் முந்துகிறது. இரண்டுக்கும் மருந்து நேர்மாறானது.

காதால் சொல்ல முடியவில்லை என்றால் போன் கேமராவில் டிவித் திரையைச் சாதாரண வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். நொடிக்கு 60 பிரேம் வைத்தால் நல்லது. ஸ்லோ மோஷன் வேண்டாம், பல ஆண்ட்ராய்டு போன்களில் அதில் ஒலியே பதிவாகாது. அந்த வீடியோவை ஏதாவது எடிட்டிங் செயலியில் திறந்தால் ஒலி அலையும் படமும் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரியும். வெளிச்சம் வரும் பிரேமுக்கும் அலை எழும் இடத்துக்கும் நடுவே எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள். 60 பிரேமில் ஒரு பிரேம் என்பது ஏறத்தாழ 17 மில்லி விநாடி. 10 பிரேம் தள்ளியிருந்தால் 170 மில்லி விநாடி. இந்த எண்ணைத் தாளில் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எவ்வளவு விலகினால் கண்ணுக்குத் தெரியும்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரைக்கும் தெரியாமல் தப்பலாம். மின்னலுக்குப் பிறகு இடி கேட்டுப் பழகியவர்கள் நாம், ஒலி கொஞ்சம் பிந்துவதை மூளை ஏற்றுக்கொள்கிறது, முந்துவதை ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே சுத்தமாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். பிந்துவது 50 மில்லி விநாடிக்குள் வந்துவிட்டால் போதும்.

3. ஒலி பிந்தினால்: ப்ளூடூத்தை விடுங்கள், வயருக்கு வாருங்கள்

பெரும்பாலான வீடுகளில் வேலை இந்தப் படியோடு முடிந்துவிடும். ப்ளூடூத்தில் ஒலி அப்படியே போவதில்லை. டிவி அதைச் சுருக்க வேண்டும், பொட்டலம் பொட்டலமாக அனுப்ப வேண்டும், ஸ்பீக்கர் அதை வாங்கிக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு விரிக்க வேண்டும். எல்லா ப்ளூடூத் ஸ்பீக்கரிலும் இருக்கும் எஸ்பிசி என்ற கோடெக்கில் (ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறைக்குப் பெயர் கோடெக்) இதற்கே 150 முதல் 250 மில்லி விநாடி வரை போய்விடும். நீங்கள் போன படியில் அளந்த எண் இதற்குள் விழுந்தால் காரணம் இதுதான் என்று ஓரளவு உறுதியாகவே சொல்லலாம். பாட்டுக்கு இது தெரியாது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க உதடு இல்லை. போனில் யூடியூப் பார்க்கும்போதும் தெரியாது, ஒலி எவ்வளவு பிந்தும் என்று கணக்குப் பார்த்துப் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்தும் வசதி போனில் இருக்கிறது. பல டிவிகள் அந்த வேலையைச் செய்வதில்லை.

சவுண்ட்பாரின் பின்பக்கம் பாருங்கள். ‘எச்டிஎம்ஐ ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ என்று எழுதிய ஓட்டை இருக்கிறதா? டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயர் வழியாகவே சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி ஏஆர்சி, அதன் மேம்பட்ட வடிவம் இஏஆர்சி. டிவியிலும் அதே பெயர் எழுதிய ஓட்டை ஒன்றே ஒன்றுதான் இருக்கும், மூன்று எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் மற்ற இரண்டில் சொருகினால் சத்தம் வராது. இது பலரும் விழும் குழி. ஏஆர்சி 2009இல் எச்டிஎம்ஐ 1.4 பதிப்போடு வந்தது, அதனால் கடந்த பத்தாண்டுகளில் வாங்கிய டிவியாக இருந்தால் பெரும்பாலும் இருக்கும். இஏஆர்சி 2017இல் வெளியான 2.1 பதிப்பில் வந்தது. படத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் கருவிகள் தாமே பேசிச் சரிசெய்வது இஏஆர்சியில் கட்டாயம், ஏஆர்சியில் கட்டாயமில்லை. இரண்டு பக்கமும் இஏஆர்சி இருந்தால் யோசிக்காமல் அதைப் பயன்படுத்துங்கள்.

வயரைச் சொருகிய பிறகு டிவி அமைப்பில் எச்டிஎம்ஐ சிஇசியை (வயரில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் வசதி) ஆன் செய்ய வேண்டும், அது இல்லாமல் பெரும்பாலான டிவிகளில் ஏஆர்சி ஓடாது. இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் வேறு பெயர் வைத்திருப்பதுதான் குழப்பம். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஆன் செய்துவிட்டு ‘சவுண்ட் அவுட்புட்’ போய் எச்டிஎம்ஐ ஏஆர்சியைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது முக்கியம்: டிவியின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து சவுண்ட்பாரை ‘அன்பேர்’ செய்து இணைப்பை நீக்கிவிடுங்கள். செய்யாமல் விட்டால் கரண்ட் போய் வரும்போது டிவி பழைய ஞாபகத்தில் ப்ளூடூத்துக்கே தாவிவிடலாம், நீங்கள் வயர் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ஒலி மறுபடி பிந்தும். கரண்ட் வந்த பிறகு ஏஆர்சியில் சத்தமே வரவில்லை என்றால் டிவி, சவுண்ட்பார் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி இரண்டு நிமிடம் கழித்து, முதலில் டிவியையும் அப்புறம் சவுண்ட்பாரையும் போடுங்கள். ரிமோட்டில் அணைத்துப் போடுவது போதாது.

ஏஆர்சி இல்லாத பழைய டிவி என்றால் ஆப்டிக்கல் வயர் போடலாம். டிவியில் சின்னச் சதுர ஓட்டை, உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். வயரின் இரண்டு நுனியிலும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றாமல் அழுத்தினால் ஓட்டை உடையலாம். ஆப்டிக்கலில் ஸ்டீரியோவும் டால்பி டிஜிட்டல் 5.1ம் போகும், தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கவைக்கும் டால்பி அட்மாஸ் போகாது. பேச்சு உதட்டோடு பொருந்த வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால் அது ஒரு குறையே இல்லை.

சுவரில் டிவி மாட்டியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏஆர்சி ஓட்டை பெரும்பாலும் பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கும், கை போகாது. நீங்களாக டிவியை நெம்பாதீர்கள், மாட்டியவரையே கூப்பிட்டு இறக்கச் சொல்லுங்கள். புதிதாக மாட்டப்போகிறீர்கள் என்றால் மாட்டும் முன்பே ஏஆர்சி ஓட்டையில் இரண்டு மீட்டர் வயரைச் சொருகித் தொங்கவிடச் சொல்லுங்கள். சுவருக்குள் பைப் போட்டு வயர் விடுவதாக இருந்தால் எச்டிஎம்ஐயோடு ஓர் ஆப்டிக்கலும் சேர்த்து விட்டுவிடுங்கள், பின்னால் சுவரை உடைக்கும் செலவோடு ஒப்பிட்டால் அந்த வயரின் விலை ஒன்றுமேயில்லை.

4. வயர் போட்டும் கொஞ்சம் பிந்தினால்

டிவியின் ஒலி அமைப்பில் ‘டிஜிட்டல் அவுட்புட் ஃபார்மட்’ என்று இருக்கும். ஆட்டோ, பிசிஎம் (சுருக்காத ஒலி), பாஸ் த்ரூ (வந்த ஒலியை அப்படியே அனுப்புவது), பிட்ஸ்ட்ரீம் (சுருக்கிய ஒலி) என்று தேர்வுகள். ஆட்டோவில் இருக்கும்போது டிவி சில நேரம் வரும் ஒலியை ஒரு வடிவத்திலிருந்து பிரித்து வேறு வடிவத்தில் கட்டி அனுப்புகிறது, அதற்கு நேரம் ஆகிறது. முதலில் பாஸ் த்ரூ வைத்துச் சோதனை வீடியோவைப் பாருங்கள், அது இல்லையென்றாலோ சரியாகவில்லை என்றாலோ பிசிஎம். பிசிஎம் வைத்தால் பெரும்பாலும் சட்டென்று சரியாகும், ஆனால் ஏஆர்சியிலும் ஆப்டிக்கலிலும் பிசிஎம் இரண்டு சேனல் ஸ்டீரியோ மட்டும்தான், பின்னால் வைத்த ஸ்பீக்கர்களுக்குத் தனி ஒலி போகாது. செய்தி, சீரியல், கிரிக்கெட் பார்க்கும் வீட்டுக்கு நான் பிசிஎம்மைத்தான் சொல்வேன்.

செட்டாப் பாக்ஸிலும் இதே போல் ஓர் ஆடியோ அமைப்பு இருக்கும், டால்பியா ஸ்டீரியோவா என்று கேட்கும். டிவியின் சொந்தச் செயலிகளில் சரியாக இருந்து செட்டாப் பாக்ஸில் மட்டும் விலகினால் அங்கே ஸ்டீரியோ அல்லது பிசிஎம் வையுங்கள்.

சவுண்ட்பாரில் ‘சரவுண்ட்’, ‘விர்ச்சுவல்’ மாதிரி ஒலியை மெருகேற்றும் மோடுகளை அணைத்துப் பாருங்கள். அப்புறம் டிவியில் படத்துக்கு ‘கேம் மோட்’ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேம் மோட் படத்தை வேகமாகக் காட்டும், அதனால் ஏற்கெனவே பிந்தும் ஒலி இன்னும் பிந்தியதாகத் தெரியும். விளையாடாத நேரத்தில் அதை எடுத்துவிடுங்கள்.

5. ஒலி முந்தினால்

இதற்குத்தான் டிலே அமைப்பு. செட்டாப் பாக்ஸிலிருந்தோ பிளேயரிலிருந்தோ ஒலி நேராக சவுண்ட்பாருக்குப் போய், படம் மட்டும் டிவிக்குள் போய் மெருகேறி வரும்போது இப்படி ஆகும். காட்சியின் அசைவை வழுவழுப்பாக்கும் வசதிதான் டிவியில் அதிக நேரம் எடுப்பது, முதலில் அதை அணைத்துப் பாருங்கள். மிச்சம் இருந்தால் சாம்சங்கில் ‘எக்ஸ்பர்ட் செட்டிங்ஸ்’ உள்ளே ‘டிஜிட்டல் அவுட்புட் ஆடியோ டிலே’, எல்ஜியில் ‘ஏவி சிங்க் அட்ஜஸ்ட்மென்ட்’, இல்லையென்றால் சவுண்ட்பாரின் ரிமோட்டிலோ செயலியிலோ ‘ஆடியோ டிலே’. இரண்டாவது படியில் குறித்த எண்ணில் தொடங்கி 10, 20 என்று கூட்டிக் குறைத்துச் சோதனை வீடியோவைப் பாருங்கள். டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் டிலே வைக்காதீர்கள், ஏதாவது ஓரிடத்தில் மட்டும். முடிவாக வைத்த எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள், டிவி அப்டேட் ஆகும்போது சில நேரம் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும்.

6. வயர் போடவே முடியாது என்றால்

வாடகை வீடு, புரொஜெக்டர் எதிர்ச்சுவரில், ஸ்பீக்கர் ஹாலின் மறுமூலையில் என்று காரணங்கள் இருக்கும். உங்களிடம் என்ன கருவி இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

ஃபயர் டிவி ஸ்டிக் இருந்தால் ‘டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ்’ உள்ளே ஆடியோவில் ‘ஏவி சிங்க் ட்யூனிங்’ என்று இருக்கும், திரையில் காட்டும் அசைவையும் ஒலியையும் பொருத்திவிடலாம். அமேசானின் எக்கோ ஸ்பீக்கரை ஃபயர் டிவி ஸ்டிக்கோடு வைஃபையில் சேர்த்து ஹோம் தியேட்டராக வைக்கவும் முடியும், ஆனால் ஸ்டிக்கில் ஓடுவதன் சத்தம் மட்டுமே அதில் வரும். செட்டாப் பாக்ஸின் சத்தம் வராது. கேபிள் டிவிதான் அதிகம் பார்ப்பீர்கள் என்றால் இதற்காக எக்கோ வாங்காதீர்கள். ஆப்பிள் டிவியில் ‘வயர்லெஸ் ஆடியோ சிங்க்’ என்று இருக்கிறது, ஐபோனைப் பக்கத்தில் வைத்தால் அதுவே கேட்டு அளந்து சரிசெய்துவிடும், இதைவிட எளிய வழி வேறில்லை. ஆண்ட்ராய்டு வகை சோனி டிவிகளில் ப்ளூடூத் அமைப்புக்குள் ‘ஏவி சிங்க்’ இருக்கும், அது படத்தைத் தாமதப்படுத்துவதால் பிந்தும் ஒலிக்கும் உதவும். லேப்டாப்பில் விஎல்சி வைத்துப் படம் பார்ப்பவர்கள் விண்டோஸில் ஜே எழுத்தை அழுத்தினால் ஒலி 50 மில்லி விநாடி முன்னே வரும், கே அழுத்தினால் பின்னே போகும். ப்ளூடூத்துக்கு ஜேயை மூன்று நான்கு முறை தட்டினால் பெரும்பாலும் பொருந்திவிடும்.

இவை எதுவும் இல்லாதவர்களுக்குக் கடைசி வழி ‘ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி’ என்ற தாமதம் குறைந்த ப்ளூடூத் கோடெக் உள்ள டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும். டிவியின் ஆப்டிக்கல் ஓட்டையில் ஒன்று, ஸ்பீக்கரின் ஆக்ஸ் ஓட்டையில் (வயரில் ஒலி வாங்கும் சின்ன வட்ட ஓட்டை) மற்றொன்று. தாமதம் ஏறத்தாழ 40 மில்லி விநாடிதான். இதில் இரண்டு பொறிகள். ஒன்று, இரண்டு பக்கமும் அதே கோடெக் இருந்தால்தான் பலன், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பேசாமல் எஸ்பிசிக்கு இறங்கிவிடும். இரண்டு, அட்டைப்பெட்டியில் வெறும் ‘ஆப்டெக்ஸ்’ என்றோ ‘ஆப்டெக்ஸ் அடாப்டிவ்’ என்றோ எழுதியிருந்தால் அது லோ லேட்டன்சி ஆகாது. முழுப்பெயர் இருக்க வேண்டும்.

“ப்ளூடூத் 5.3 சார், டிலே வரவே வராது” என்று கடையில் சொல்வார்கள். பதிப்பு எண்ணை வைத்து இதைச் சொல்ல முடியாது, கோடெக் எது என்பதுதான் கேள்வி. எஸ்பிசியில் ஓடினால் 5.3லும் பிந்தத்தான் செய்யும். அதே போல் இரண்டு ப்ளூடூத் ஸ்பீக்கரை ஜோடி சேர்த்து ‘பார்ட்டி மோட்’ போட்டால் தாமதம் கூடும், டிவிக்கு ஒன்று போதும்.

7. சில நேரம் மட்டும் விட்டு விட்டு வந்தால்

நிலையான தாமதம் இல்லாமல் திடீரென்று திக்கி, விட்டு, பிந்தி வந்தால் அது அலைவரிசை நெரிசல். ப்ளூடூத், பழைய வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே இயங்குபவை. அபார்ட்மென்டில் பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களும் சேர்ந்துகொள்ளும். டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள், ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் லேன் வயர் இன்னும் நல்லது. ரவுட்டரை டிவி ஸ்டாண்டில் சவுண்ட்பாரை ஒட்டி வைக்காதீர்கள், ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். டிவியின் நீல நிற யூஎஸ்பி ஓட்டையில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் கழற்றிப் பாருங்கள், யூஎஸ்பி 3.0 இதே அலைவரிசையில் இரைச்சல் போடும்.

8. செலவு

இரண்டு மீட்டர் எச்டிஎம்ஐ வயர் ஏறத்தாழ 300 முதல் 600 ரூபாய், ஆப்டிக்கல் 200 முதல் 400. ஆயிரக்கணக்கில் விலை சொல்லி ‘ஆடியோவுக்கான தங்க முலாம் வயர்’ என்று விற்பதை வாங்க வேண்டாம், தாமதத்துக்கும் தங்கத்துக்கும் சம்பந்தமில்லை. லோ லேட்டன்சி ஜோடி 3,000 முதல் 6,000 வரை ஆகலாம், அந்தப் பணத்தை ஏஆர்சி உள்ள சவுண்ட்பாருக்குச் சேர்த்து வைப்பது பல நேரம் புத்திசாலித்தனம். டிவியை இறக்கி மாட்ட ஊருக்கு ஊர் கூலி மாறும், வேலைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

9. எதற்கும் மசியாவிட்டால்: பில்லும் வாரன்டியும்

இணையத்தில் வாங்கியிருந்தால் திருப்பித் தரும் காலத்தை முதலில் பாருங்கள். பல மின்னணுப் பொருள்களுக்கு 7 நாளோ 10 நாளோதான், அதிலும் மாற்றித் தருவது மட்டும், பணம் திரும்பாது. அதனால் பெட்டி பிரித்த அன்றே பீப் சோதனையைச் செய்துவிடுங்கள், தெர்மாகோலையும் அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.

சர்வீஸுக்குக் கூப்பிடும் முன் எடுத்து வைக்க வேண்டியவை: ஜிஎஸ்டி எண்ணோடு உள்ள பில், வாரன்டி அட்டை, சவுண்ட்பாரின் அடியில் ஒட்டிய சீரியல் எண்ணின் படம், டிவியின் மாடல் எண், நீங்கள் எடுத்த சோதனை வீடியோ. வருகிறவர் தன் போனில் பாட்டு போட்டுக் காட்டி “நன்றாகத்தானே பாடுகிறது” என்பார். பாட்டில் இது தெரியாது என்று முன்பே பார்த்தோம், ஆகவே டிவியில் சோதனை வீடியோவைப் போட்டு, ஏஆர்சி வயரிலேயே பிந்துகிறது என்று அவர் கண்முன் காட்டுங்கள். ஜாப் ஷீட்டில் (டெக்னீஷியன் செய்த வேலையை எழுதித் தரும் தாள்) “எச்டிஎம்ஐ ஏஆர்சியில் ஒலி இத்தனை மில்லி விநாடி பிந்துகிறது” என்று எழுதச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘செக்டு, ஓகே’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், அதுவே பின்னால் உங்களுக்கு எதிராக வரும். அப்டேட் போட்டால் சரியாகும் என்று சொன்னால் போடச் சொல்லுங்கள், உண்மையிலேயே சில கருவிகளில் சரியாகிறது, ஆனால் புகார் எண்ணை மூட விடாமல் மறுபடி அளந்து பார்த்த பிறகு சம்மதியுங்கள்.

இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில், ஜாப் ஷீட், புகார் எண்கள் கையில் இருக்கும்போது கூப்பிடுங்கள், அவர்கள் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிவைப்பார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகவே மனு போடலாம், பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும், பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.